புதுப் பெயிண்ட் அடித்த பழைய டிராக்டர்: கேள்வி-பதில்

பழைய டிராக்டருக்குப் பெயிண்ட் அடிப்பது பற்றி வந்த கடிதங்களில் சில. நீளமாக எழுதியவர்களுடையதைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: அப்பா காலத்து ஃபோர்டு 3600 நிற்கிறது. தம்பி நீலம் வேண்டாம், சிவப்பு அடிக்கலாம் என்கிறான். அடிக்கலாமா ஐயா? (மேலூர்)

அடிக்கலாம். ஆனால் ஆர்சி புக்கில் வண்டியின் நிறமும் பதிவாகியிருக்கும், ஆர்டிஓ ஆபீசில் அதையும் மாற்றியாக வேண்டும். மாற்றாமல் விட்டால் ரெனியூவலுக்குப் போகும்போதோ விற்கும்போதோ நிறுத்தி வைப்பார்கள். என்னைக் கேட்டால் நீலமே இருக்கட்டும். நிறம் மாறிய பழைய வண்டியைப் பார்த்தாலே வாங்க வருகிறவனுக்குச் சந்தேகம் வரும்.

கேள்வி: எனாமலா, பியூ (ஹார்டனர் கலந்து அடிக்கிற பாலியூரித்தேன்) பெயிண்டா? பியூதான் நிற்கும் என்று பெயிண்டர் இரண்டு மடங்கு கேட்கிறார். தொளி உழவுக்கு (நெல் வயல் சேற்று உழவு) போகும் வண்டி. (அலங்காநல்லூர்)

எனாமல் போதும். மிச்சமாகிற பணத்தை அடிவேலைக்குக் கொடுங்கள். கேஜ் வீல் (சேற்றில் ஓட்ட மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டி வயலில் இறங்குகிற வண்டியில் சேறும் உரத்தண்ணீரும் இண்டு இடுக்கெல்லாம் ஏறியிருக்கும், அதைச் சுரண்டி எடுக்காமல் எந்தப் பெயிண்டை அடித்தாலும் ஒரு போகம்கூடத் தாங்காது. டீசலில் கழுவியதும் வேலை முடிந்தது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அந்த டீசல் பிசுக்கையும் சோப்புத் தண்ணீர் விட்டு எடுத்து, நன்றாகக் காயவிட வேண்டும். அப்புறம் கம்பி பிரஷ், 80 நம்பர் உப்புத்தாள், பிறகு 220. இரும்பு வெளியே தெரிந்த அன்றைக்கே ரெட் ஆக்ஸைடு (துரு தடுக்கும் அடிப்பூச்சு) அடித்துவிடுங்கள், ராத்திரிப் பனி பட்டாலே மறுபடி துரு பிடிக்க ஆரம்பித்துவிடும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், அதனால் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம், ஈரக்காற்றில் பளபளப்பு வராது. சித்திரை உச்சி வெயிலும் வேண்டாம், ஸ்ப்ரே கன்னிலிருந்து வருகிற பெயிண்ட் தகரத்தில் பரவுவதற்குள் காய்ந்து சொரசொரப்பாகிவிடும். தை, மாசி சரியான காலம். பியூதான் அடிப்பேன் என்றால், அதன் ஹார்டனர் நுரையீரலுக்குக் கெடுதல் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கர்ச்சீப் கட்டினால் போதாது, அடிக்கிற ஆளுக்கு அதற்கான மாஸ்க் வேண்டும்.

கேள்வி: பானட்டில் அடித்த பெயிண்ட் ஒரே நாளில் சுருங்கித் தோல் மாதிரி எழும்பிவிட்டது. பெயிண்ட் கம்பெனி மோசம் என்கிறார் பெயிண்டர். பில் இல்லை. (திருமங்கலம்)

பெரும்பாலும் கம்பெனி மேல் தப்பு இருக்காது. கீழே சரியாகக் காயாத எனாமல் இருந்திருக்கும், மேலே என்சி தின்னர் (சீக்கிரம் காயும் நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டுக்கான தின்னர்) கலந்த பெயிண்டை அடித்திருப்பார்கள். அந்தத் தின்னர் அடிப்பூச்சை ஊறவைத்துத் தூக்கிவிடும். முழுக்கச் சுரண்டிவிட்டுத்தான் திரும்ப அடிக்க வேண்டும், மேலேயே இன்னொரு கோட் அடிக்கிறேன் என்றால் விடாதீர்கள். இந்தத் தின்னர் விஷயத்தில் நானும் ஏமாந்திருக்கிறேன். லேபிள் இல்லாத கேனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஐந்து லிட்டர் வாங்கினேன், இரண்டு மட்கார்டும் வெளிறிப்போய் வேலை மொத்தமும் வீண். அட்வான்ஸ் கொடுக்கும்போதே என்ன பெயிண்ட், எத்தனை கோட் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கலாமே? அதற்கு இரண்டு நிமிஷம் ஆகுமா?

கேள்வி: வாட்ஸ்அப்பில் போட்டோ பார்த்து ஒரு பழைய பி-275 டிராக்டருக்கு 40,000 அட்வான்ஸ் போட்டுவிட்டேன். இனி எதைக் கவனிக்க வேண்டும்? (வாடிப்பட்டி)

பணம் போடும் முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நாளைக் காலையில் நேரில் போய் வண்டியையும் ஆர்சியையும் பாருங்கள், அதுவரை இன்னொரு ரூபாய் அனுப்பாதீர்கள்.

கேள்வி: பழைய வண்டி விற்கும் கடையில் மாஸி 1035 வாங்கினேன், புத்தம் புதுசாக மின்னியது. பத்தாம் நாள் உழவில் ஹவுசிங்கில் (கிளட்ச், கியரை மூடியிருக்கும் இரும்புக் கூடு) ஆயில் கசிந்தது. சுரண்டினால் உள்ளே வெடிப்பு, பட்டி (பள்ளம் அடைக்கும் பசை) வைத்துப் பூசியிருக்கிறார்கள். "பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்கிறார் கடைக்காரர். (சோழவந்தான்)

படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. 2011ல் எனக்கும் இதேதான் நடந்தது. எச்எம்டி 2511, மாலை போட்டு, பொட்டு வைத்து நிறுத்தியிருந்தார்கள். கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் முனை), ரப்பர் ஹோஸ், நம்பர் பிளேட் போல்ட்டு வரை ஒரே பெயிண்டாக இருந்தது. அதைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வண்டியைப் பராமரிக்க நினைக்கிறவன் நிப்பிளை மறைத்துவிட்டு அடிப்பான். விற்க நினைக்கிறவனுக்குத்தான் அவசரம். கிளட்ச் ஹவுசிங்கைக் கழற்றிப் பார்த்தபோது வெடிப்பு விரல் நீளம் இருந்தது.

வெடிப்புக்குப் பட்டி பூசி விற்பதை வியாபாரம் என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. வாங்குகிறவர் நகையை அடகு வைத்து வந்திருப்பார், நாற்று தயாராக நிற்கும், ஒரு வாரம் வண்டி நின்றால் பருவம் போச்சு. அதனால் வாங்கப் போகிறவர்கள் ஒரு காந்தம் கொண்டு போங்கள், தகரத்தில் பட்டி தடிமனாக இருக்கிற இடத்தில் ஒட்டாது. ஆனால் ஹவுசிங் மாதிரி வார்ப்பு இரும்பில் காந்தத்தை மட்டும் நம்ப வேண்டாம், இணைப்புகளைக் கண்ணால் பார்த்து நகத்தால் கீறிப் பாருங்கள். என்ஜின் சூடாக இருந்தால் ஆறும்வரை உட்கார்ந்திருந்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) உருவிப் பாருங்கள், ஆயில் பால் மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. சேசிஸ் எண் மேல் பட்டியோ பெயிண்டோ இருந்தால் துடைத்து ஆர்சியோடு ஒப்பிடாமல் கிளம்பாதீர்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். "பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்பது மறைத்து விற்ற குறைக்குப் பதில் ஆகாது. வெடிப்பை போட்டோ எடுங்கள், அந்தப் பட்டித் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள், வெளி மெக்கானிக் ஒருவரிடம் எழுத்தில் வாங்குங்கள். கடைக்காரருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். சரிவராவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும், கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. சொந்தப் பிழைப்புக்கு நீங்களே ஓட்டுகிற வண்டி என்பதைப் புகாரில் கட்டாயம் எழுதுங்கள், வியாபாரத்துக்கு வாங்கியது என்று அவர்கள் வாதாட இடம் கொடுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணிக் கேளுங்கள். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நான் அன்றைக்கு அலையச் சலித்துக்கொண்டு விட்டுவிட்டேன், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

கேள்வி: சைலன்சரில் அடித்த கறுப்பு ஒரு வாரத்தில் கருகி உதிர்ந்துவிட்டது. (உசிலம்பட்டி)

சாதாரணப் பெயிண்ட் அந்தச் சூட்டைத் தாங்காது, சூடு தாங்கும் பெயிண்ட் என்று கேட்டு வாங்குங்கள்.