நரம்பு எப்படி வேலை செய்கிறது? கேட்டீர்கள், சொல்கிறேன்

பினாங்கில் ஒரு மருத்துவமனையில் நரம்பின் வேகத்தை அளக்கும் டெஸ்ட் செய்வது என் வேலை. டாக்டர் இல்லை, அதனால் மருந்து மட்டும் கேட்காதீர்கள், மற்றதைக் கேளுங்கள் என்றேன். கேள்விகள் குவிந்துவிட்டன.

அக்கா, தோசைக்கல்லில் கை பட்டால், கையை இழுத்த பிறகுதான் சுட்டதே தெரிகிறது. ஏன்? (பட்டர்வொர்த்)

கையை இழுக்கச் சொல்வது மூளை இல்லை, தண்டுவடம். தோலிலிருந்து சேதி அங்கே வந்ததுமே கைத் தசைக்கு உத்தரவு திரும்பிவிடும். மூளைக்குத் தகவல் போய்ச் சேர்வதற்குள் கை விலகியிருக்கும். அடுத்த முறை (வேண்டாம்தான்) கவனியுங்கள், முதலில் சுருக்கென்று ஒரு வலி, சற்றுக் கழித்து எரிச்சல். இரண்டும் வேறு வேறு நரம்பு இழைகளில் வருகின்றன. எரிச்சலைக் கொண்டுவரும் இழைக்கு, வேகம் கூட்டும் கொழுப்புறையே கிடையாது, அதில் சேதி நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டாது.

நரம்பில் ஓடுவது ஒயரில் ஓடுகிற கரண்ட்தானே? (கோலாலம்பூர்)

இதைத்தான் எல்லாரும் தப்பாக நினைக்கிறார்கள். நரம்பு இழையின் உட்பக்கம் வெளிப்பக்கத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். ஓர் இடத்தில் தூண்டல் போதுமான அளவு வந்துவிட்டால் சுவரிலுள்ள சோடியம் கதவுகள் திறந்து, சோடியம் உள்ளே பாய்ந்து, அந்த இடம் மட்டும் ஏறக்குறைய ஒரு மில்லிநொடிக்கு பாசிட்டிவ் ஆகும், அப்புறம் பொட்டாசியம் வெளியேறிப் பழையபடி இறங்கிவிடும். அதற்குள் பக்கத்துக் கதவுகள் திறந்திருக்கும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் படியில் கீழே ஒருவர் 'வேல் வேல்' என்றால் அது வாய்க்கு வாய் மேலே போய்ச் சேருமே, அப்படி; சத்தம் ஏறும், ஆள் நின்ற படியிலேயே நிற்பார். மையலின் என்ற கொழுப்புறை சுற்றிய இழையில் இந்த வேலை உறையின் இடைவெளிகளில் மட்டும் நடந்தால் போதும், அதனால் நொடிக்கு 100 மீட்டருக்கு மேலும் போகிறது. பல் பிடுங்கும்போது மரத்துப்போக ஊசி போடுகிறார்களே, அந்த மருந்து அடைப்பது இந்த சோடியம் கதவைத்தான்.

அப்படியென்றால் மெல்லத் தொட்டாலும் கிள்ளினாலும் ஒரே சிக்னலா?

ஓர் இழையில் ஒவ்வொரு துடிப்பும் ஒரே உயரம்தான், ஆமாம். கிள்ளினால் துடிப்புகள் அடுத்தடுத்து நெருக்கமாகப் போகும், கூடுதல் இழைகளும் சேர்ந்துகொள்ளும்.

ஆன்ட்டி, எஸ்.பி.எம். பரீட்சைக்கு நரம்பு மண்டலப் பிரிவுகளைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

மூளையும் தண்டுவடமும் மைய நரம்பு மண்டலம். மூளையிலிருந்து 12 ஜோடி, தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி நரம்புகள் கிளம்புகின்றன, அவை புற நரம்பு மண்டலம். இதயத்துடிப்பு, செரிமானம் எல்லாம் நம்மைக் கேட்காமல் நடத்துவது தன்னியக்கப் பிரிவு. மீதியைப் புத்தகத்தில் படி!

ஒரு நரம்பு செல்லிலிருந்து அடுத்ததற்கு எப்படித் தாவுகிறது?

பெரும்பாலும் ரசாயனம். நடுவே மிகச் சிறிய இடைவெளி உண்டு, அதை ரசாயனம்தான் கடக்கும். 1921இல் ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டித் துடிப்பைக் குறைத்தார், அந்த இதயம் இருந்த திரவத்தை எடுத்து இன்னொரு தவளை இதயத்தில் விட்டார். எந்த நரம்பையும் தொடாமலே அதுவும் மெதுவானது. பிறகு தெரிந்தது, அந்தப் பொருள் அசிட்டைல்கோலின்.

பாயான் லெப்பாஸ் பேக்டரியில் வேலை. ராத்திரி விரல்கள் மரத்து எழுந்துவிடுகிறேன், சுண்டுவிரலுக்கு மட்டும் ஒன்றுமில்லை. கையை உதறினால் சரியாகிறது.

சுண்டுவிரல் தப்பித்ததுதான் துப்பு. அதற்குப் போவது வேறு நரம்பு. மற்ற விரல்களுக்குப் போகும் நரம்பு மணிக்கட்டில் ஒரு குறுகலான வழியில் 9 தசைநாண்களோடு இடித்துக்கொண்டு போகிறது, அங்கே நசுங்குகிறது போலிருக்கிறது. டெஸ்டில் கட்டைவிரல் அடியில் பட்டை ஒட்டி, மணிக்கட்டிலும் முழங்கையிலும் சின்ன ஷாக் கொடுப்போம், கட்டைவிரல் தானாகத் துள்ளும், நிறைய பேர் சிரித்துவிடுவார்கள். முன்கையில் நொடிக்கு 50 மீட்டருக்கு மேல் வந்து, மணிக்கட்டைத் தாண்டும்போது மட்டும் தாமதமானால் இடம் பிடிபட்டுவிடும். டாக்டரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

ஏம்மா, எனக்கு இனிப்புநீர் (சர்க்கரை நோய்). ஏன் பாதம்தான் முதலில் மரக்கிறது?

ஐயா, பாதத்துக்குப் போகும் இழைதான் உடம்பிலேயே நீளம், இடுப்புப் பக்கத்துச் செல்லிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர். நுனிக்கு வேண்டிய பெரும்பாலான சரக்கு அங்கிருந்தே போகவேண்டும், அதனால் சர்க்கரை கெடுக்கும்போது கடைக்கோடிதான் முதலில் அடிபடும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை ரொம்ப நாளாகச் சாப்பிடுகிறவர் என்றால் வைட்டமின் பி12 குறையலாம், அதுவும் மரப்பைத் தரும்; கிளினிக்கில் ரத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். செருப்பு போடுவதற்கு முன் உள்ளே கல் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துவிடுங்கள், கால் சொல்லாது.