ஜப்பான்ல ஏதாவது ஒரு தீவுக்கு தனியா போய் ஒரு நாள் சுத்திட்டு வரலாமா? சைவம் சாப்பிடறவங்களுக்கு செட் ஆகுமா?

போகலாம், தாராளமா போகலாம். சைவமும் கிடைக்கும், ஆனா தானா தட்டுல வந்து விழாது, வாயத் திறந்து கேட்டு வாங்கணும். அவசரமா இருக்கறவங்க இதோட கிளம்பிடலாம்.

கேள்வில நீங்க பொண்ணா பையனான்னு போடல. ஆனா "தனியா போனா ஒரு மாதிரி பார்ப்பாங்களா"ன்னு கேட்டிருக்கீங்க பாருங்க, அத பசங்க கேக்க மாட்டாங்க, அதனால பொண்ணுன்னே வெச்சுக்கறேன். அதுவும் ஆபீஸ் வேலையா ஒசாகா பக்கம் வந்து, லீவு நாள்ல ரூம்ல அடைஞ்சு கிடக்க பிடிக்காத பொண்ணு, வீட்ல அம்மா "யார் கூட போற"ன்னு ஃபோன்லயே உயிர எடுக்கறாங்க. சரியா? தம்பியா இருந்தா கோச்சுக்காம மேல படிங்க, படகு எல்லாருக்கும் ஒரே டைம்தான்.

நான் நாப்பது தாண்டினவ, கல்யாணம் பண்ணிக்கல, அக்கவுண்ட்ஸ் வேலை, முட்டை வரைக்கும் சாப்பிடுவேன், மீன் கறி கிடையாது. உடனே "ஜப்பான் போயிட்டு மீன் சாப்பிடலன்னா எதுக்கு போறீங்க"ன்னு ஒருத்தர் வருவார், வருவார்னு எனக்கு தெரியும், அவருக்கு முன்னாடியே சொல்லிடறேன்: நான் யாரையும் சாப்பிடாதன்னு சொல்லல, என் வயிறு, என் காசு.

நான் போனது ஷோடோஷிமா. செட்டோ உள்நாட்டுக் கடல்ல அவாஜிக்கு அடுத்த பெரிய தீவு, ககாவா மாநிலத்துல வருது. பாலம் கிடையாது, எப்படிப் போனாலும் படகுதான். ஒசாகால இருந்து புல்லட் ட்ரெயின்ல ஒகாயாமா, அங்கேர்ந்து செட்டோ பெரும் பாலம் வழியா தகாமட்சு போற ட்ரெயின், அந்தப் பாலத்துல ட்ரெயின் போறப்ப கீழ கடல், குட்டிக் குட்டியா தீவுங்க, ஃபோன கீழ வெக்கவே மாட்டீங்க. தகாமட்சுல ராத்திரி தங்கிட்டு காலைல ஃபெர்ரி பிடிச்சா ஒரு மணி நேரத்துல தொனோஷோ துறைமுகம். ஒசாகால இருந்தே விடியக் காலைல கிளம்பி ஒரே நாள்ல போயிட்டு வர்றவங்களும் இருக்காங்க, முடியும், ஆனா பாதி நாள் வண்டிலயே போயிடும்.

நான் போனது பிப்ரவரி. இலையுதிர் காலத்துல போங்க, கன்காகேய் பள்ளத்தாக்கு செக்கச்செவேல்னு இருக்கும், ரோப்வேல போலாம்னு எல்லாரும் எழுதுவாங்க. அழகுதான், ஆனா கூட்டமும் அப்பதான். பிப்ரவரில அங்க ஈ காக்கா கிடையாது, குளிர் மட்டும் காதைப் பிடிச்சு இழுக்கும்.

தொனோஷோல இறங்கினதும் கொஞ்சம் நடந்தா டோஃபுச்சி ஜலசந்தி. உலகத்துலயே ஒடுக்கமான ஜலசந்தியாம், கின்னஸ்ல இருக்கு, ரொம்பக் குறுகலான இடத்துல 9.93 மீட்டர்தான். பார்க்க சாதாரண ஊர் நடுவுல ஓடற கால்வாய், மேல ஒரு சின்ன பாலம். அத நடந்து தாண்டினா ஊராட்சி ஆபீஸ்ல 100 யென்னுக்கு "இவர் ஜலசந்திய கடந்தார்"னு சர்டிஃபிகேட் தர்றாங்க. எனக்கு இந்த மாதிரி விஷயம் ரொம்பப் பிடிக்கும், வாங்கினேன், இப்ப ஆபீஸ்ல என் மேஜைக்குப் பின்னாடி ஒட்டி வெச்சிருக்கேன், கடலத் தாண்டினவன்னு சொல்லிப்பேன்.

அடுத்து ஏஞ்சல் ரோடு. தண்ணி வத்தற நேரத்துல கடலுக்குள்ள மணல் பாதை ஒண்ணு மேல வரும், அதுல நடந்து எதிர்ல இருக்கற குட்டித் தீவுங்களுக்குப் போலாம், ஒரு நாளைக்கு ரெண்டு தடவ, கடல் வத்தற நேரத்துக்கு முன்னயும் பின்னயும் சேர்த்து சில மணி நேரம்தான் திறந்திருக்கும். எந்த நாள் எத்தனை மணின்னு அட்டவணை போட்டுடறாங்க, அத பார்த்துட்டு மத்த ப்ளான போடுங்க, கடல் உங்களுக்காக காத்திருக்காது. இங்க ஒரு கூத்து இருக்கு. ஜோடியா கைகோத்து நடந்தா நினைச்சது நடக்கும்னு ஒரு நம்பிக்கை, அதனால பூராவும் காதல் ஜோடிங்க, மேல குன்றுல மணி வேற, ஆசைய எழுதி கட்டித் தொங்கவிட்ட சிப்பி கொத்துக் கொத்தா. நான் ரெண்டு கையையும் கோட் பாக்கெட்டுல விட்டுட்டு நடந்தேன். ஒருத்தர் கூட திரும்பிப் பார்க்கல. ஒரு ஜோடி அவங்கள ஃபோட்டோ எடுக்கச் சொல்லி ஃபோன குடுத்துச்சு, எடுத்துக் குடுத்தேன், பதிலுக்கு அந்தப் பையன் என்னைத் தனியா நிக்க வெச்சு சீரியஸா எடுத்தான், கொஞ்சம் இடது பக்கம் தள்ளுங்கன்னு கையாலயே காட்டி. "உங்க கூட யாரும் வரலையா"ன்னு ஒரு பார்வை கூட இல்ல.

அங்கேர்ந்து பஸ். ஒரு பஸ்ஸ விட்டா அடுத்ததுக்கு எவ்ளோ நேரமாகும்னு முன்னாடியே பார்த்துக்கோங்க, இது சென்னை இல்ல. பஸ்ல வெள்ளை மேலாடை போட்டு கைத்தடியோட ஒரு வயசான அம்மா. இந்தத் தீவுல 88 கோயில் சுத்தற யாத்திரை ஒண்ணு இருக்கு, பக்கத்துல இருக்கற ஷிகோகுங்கற பெரிய தீவுல பெருசா நடக்கற யாத்திரையோட சின்ன வடிவம், நடந்தா மொத்தம் சுமார் 150 கிலோமீட்டர். தனியா நடக்கறவங்க கூட கோபோ தைஷிங்கற மகான் துணைக்கு வர்றார், அந்தத் தடிதான் அவர்னு நம்பிக்கை. ராத்திரி எங்கம்மா ஃபோன்ல "யாராவது துணைக்கு வந்தாங்களா"ன்னு கேட்டப்ப, ஒரு சாமியார் வந்தார்மா, 835ல காலமானவர்னு சொன்னேன். வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

இப்ப சாப்பாடு, நீங்க கேட்ட முக்கியமான விஷயம்.

ஜப்பான்ல சைவத்துக்கு எதிரி கறி இல்ல, தாஷி. காய வெச்ச மீனைச் சீவியோ, குட்டி மீன் கருவாட்ட முழுசாவோ போட்டு எடுக்கற தண்ணி, பெரும்பாலான குழம்புக்கு அதுதான் அடி. வெறும் காய்கறின்னு நினைச்சு வாங்குவீங்க, உள்ள மீன் நீந்திட்டிருக்கும். ககாவா மாநிலம் உடோன் நூடுல்ஸுக்கு பேர் போனது, அந்த உடோன் சூப்பு கருவாட்டுத் தண்ணிதான். அங்க நீங்க கேக்க வேண்டியது கிஜோயு உடோன், சூப்பு இல்லாம சும்மா சோயா சாஸ் மட்டும் ஊத்தி வர்றது. அதுலயும் சில கடைல சாஸ்லயே தாஷி கலந்திருப்பாங்க, கேட்டுடுங்க.

ஷோடோஷிமால உடோன விட சோமென்தான் பெருமை. மெலிசான கோதுமை நூடுல்ஸ், 400 வருஷமா கையால இழுத்துச் செய்றாங்க. இகேடா பக்கம் ஒரு வீட்டுத் தொழில்கூடத்துல பார்த்தேன், பார்க்கணும்னு முன்னாடியே சொல்லி வெச்சுட்டுப் போகணும். மாவு, உப்பு, தண்ணி, இவ்ளோதான். கயிறு மாதிரி திரிச்ச மாவு ஒட்டிக்காம இருக்க எண்ணெய் தடவறாங்க, மத்த ஊர்ல பெரும்பாலும் பருத்திக்கொட்டை எண்ணெய், இங்க எள்ளெண்ணெய். உள்ள நுழைஞ்சதுமே எனக்கு மூக்குல நம்ம வீட்டு வாசனை அடிச்சுது. ரெண்டு கழிக்கு நடுவுல மாட்டி, இழுத்து, கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி இழுத்து, கடைசில ஆள் உயரத்துக்கு மேல தொங்கும். எங்க ஊர் நெசவுக்காரங்க தெருவுல விடியக் காலைல பாவு நீட்டி வெச்சிருப்பாங்களே, அச்சு அசல் அதேதான், வெள்ளை வெளேர்னு. அந்த வீட்டுப் பாட்டி என் கைல ரெண்டு நீளக் குச்சி குடுத்து, ஒட்டிக்கிட்டிருக்கற இழைங்கள நடுவுல விட்டு பிரிக்கச் சொன்னாங்க. பயந்துட்டே மெதுவா விட்டேன், பாட்டி என் மணிக்கட்டைப் பிடிச்சு சர்ர்னு கீழ வரைக்கும் இழுத்து விட்டாங்க, ஒரு இழை கூட அறுந்து விழல, அப்படி ஒரு இழுவை அந்த மாவுல. குளிர்ல காயறதுதான் நல்ல சோமென், அதனாலதான் பிப்ரவரில போகச் சொல்றேன்.

மதியம் அங்க பக்கத்துலயே ஒரு சின்ன சாப்பாட்டுக் கடை. உள்ள போனதும் ஒரு விரல காட்டினேன், கவுண்டர்ல ஒரு ஸ்டூல், சூடா டீ, முடிஞ்சுது விஷயம். காய வைக்காத பச்சை சோமென், அத தொட்டுக்கற சாஸ்ல தாஷி இருக்கும்னு தெரியும், அதனால மீன், மீன் தண்ணி ரெண்டும் வேண்டாம்னு ஃபோன்ல ஜப்பானீஸ்ல டைப் பண்ணிக் காட்டினேன். அந்தக்கா ஒரு நிமிஷம் யோசிச்சாங்க, உள்ள போனாங்க, தீவுல செஞ்ச சோயா சாஸ் ஒரு குட்டி ஜாடி, தீவுலயே விளைஞ்ச ஆலிவ் எண்ணெய் ஒரு குட்டி ஜாடி, கொஞ்சம் எள்ளு, வெங்காயத் தாள். கலந்து தொட்டுக்கோன்னு சைகை. ஜப்பான்ல இருந்த காலம் பூரா நான் சாப்பிட்டதுல இதுதான் டாப், எந்த உணவு விமர்சகர் வந்து என்ன சொன்னாலும் சரி. ஆலிவ் எப்படி அங்கன்னா, 1908ல அரசாங்கம் மூணு மாநிலத்துல சோதனைக்கு நட்டாங்க, இந்தத் தீவுல மட்டும்தான் ஒழுங்கா பிடிச்சுது. ஆலிவ் பார்க்குனு ஒண்ணு இருக்கு, கிரேக்க காத்தாலை, விளக்குமாத்து மேல ஏறிப் பறக்கற மாதிரி ஃபோட்டோ, எனக்கு அது வேண்டாம்னு தாண்டிப் போயிட்டேன்.

அந்த ஒரு விரலுக்கு வர்றேன். நம்ம ஊர்ல ஹோட்டலுக்குத் தனியா போங்க, "எத்தன பேரு மேடம்", ஒருத்தர்னா மூஞ்சி ஒரு போக்கு போகும், ஃபேமிலி ஓரமா உக்காந்திருக்கற டேபிள்ல கொண்டு போய்ச் சொருகுவாங்க. சாப்பாட்டக் கூட விடுங்க. சென்னைல வாடகை வீடு தேடினப்ப ஒரு புரோக்கர் "ஃபேமிலிக்கு மட்டும்தான்"னார், நான் ஃபேமிலி இல்லையா, நாலு கம்பெனிக்கு கணக்கு பார்க்கறேன், வரி கட்டறேன், வாடகை ஒண்ணாம் தேதி போடுவேன், ஆனா தனியா இருக்கறவளுக்கு வீடு தர யோசனை. ஒரு ஓனரம்மா "உங்க வீட்டுக்கு யார் யார் வருவாங்க"ன்னு லிஸ்ட் கேட்டாங்க, அதே பில்டிங்ல ஃபேமிலி ஆளு ஒருத்தர் தினம் ராத்திரி குடிச்சுட்டு படில விழுந்து கிடப்பார், அவர்கிட்ட லிஸ்ட் கேட்டாங்களா? இதுக்கும் உங்க கேள்விக்கும் சம்பந்தம் இல்லன்னு தெரியும், எழுதாம இருக்க முடியல. ஜப்பான் சொர்க்கம்னும் சொல்ல வரல, அங்கயும் வெளிநாட்டுக்காரங்களுக்கு வீடு கிடைக்கறது லேசு இல்ல, கூட வேலை செஞ்சவங்க பட்ட பாட்டப் பார்த்திருக்கேன்.

சரி, சோயா சாஸ். சாயங்காலத்த இதுக்கு ஒதுக்குங்க. கிழக்குப் பக்கம் உமாகி, யசுடான்னு ஊருங்க, பஸ்ல இறங்கினதுமே வாசனை மூக்குல ஏறும், கட்டடத்துச் சுவரு, ஓடு எல்லாம் பூஞ்சை படிஞ்சு கருப்பா இருக்கும், யாரும் சுரண்டிக் கழுவ மாட்டாங்க, அந்த நுண்ணுயிர்தான் அவங்க சொத்தே. 400 வருஷம் முன்னாடி ஒசாகா கோட்டைக்கு கல்லு வெட்ட வந்தவங்க கொண்டு வந்த பழக்கம்னு சொல்றாங்க, உப்பு ஏற்கனவே தீவுல காய்ச்சிட்டிருந்தாங்க, அதனால தொழில் வேரூன்றிடுச்சு.

ஜப்பான் சோயா சாஸ்ல இப்ப பெரும்பாலும் ஸ்டீல் டேங்க்தான், மரப் பீப்பால புளிக்க வெக்கறது சுமார் 1 சதவீதம்னு சொல்றாங்க. இந்தத் தீவுல மட்டும் அந்த மாதிரி பெரிய தேவதாருப் பீப்பா ஆயிரத்துக்கு மேல இருக்கு. உள்ள பலகை மேல நடக்கவிட்டாங்க, கீழ பீப்பா வாய், விளிம்பெல்லாம் பொருக்குப் பொருக்கா ஏதோ வளர்ந்திருக்கு, மரமா தோலா தெரியாது, உள்ள பழுப்பு நிறத்துல சேறு மாதிரி மொரோமி, அதாவது பிழிஞ்சு சாஸ் எடுக்கறதுக்கு முன்னாடி புளிச்சிட்டிருக்கற சோயா கலவை. குளிர்ல தூங்குமாம், கோடைல பொளக் பொளக்னு கொதிக்குமாம். அன்னிக்குக் காலைல நட்டோ (புளிக்க வெச்ச சோயா பீன்ஸ்) சாப்பிட்டீங்களான்னு முதல்லயே கேட்டாங்க, அந்தக் கிருமி உள்ள வந்தா இவங்களோடத கெடுத்துடும், சாப்பிட்டிருந்தா வெளிய நிக்கணும். நட்டோ வாசனைக்கே ஓடறவ நான், தைரியமா இல்லன்னேன். பெரிய பீப்பா செய்யத் தெரிஞ்ச தச்சருங்க நாட்டுல அத்துப் போற நிலைமை, அதனால 2012ல இந்தத் தீவுல சாஸ் செய்ற ஒருத்தரே தச்சு நண்பர்களோட சேர்ந்து கத்துக்கிட்டு பீப்பா செய்ய ஆரம்பிச்சார், இப்ப ஜனவரில மத்த ஊர்க்காரங்களும் வந்து சேர்ந்துக்கறாங்க. ஒரு பீப்பா நூறு வருஷத்துக்கு மேல உழைக்கும், அப்ப இன்னிக்கு செய்றவங்க யாருக்காக செய்றாங்கன்னு நீங்களே கணக்கு போடுங்க. கடைசில வனிலா ஐஸ்கிரீம் மேல ரெண்டு தடவ புளிக்க வெச்ச கெட்டி சாஸ ஊத்தித் தந்தாங்க. சிரிக்காதீங்க, கேரமல் ருசி.

முழு தீவையும் ஒரே நாள்ல முடிக்கப் பார்க்காதீங்க. நகயாமா மலைல படிப்படியா வயல், அங்க விவசாயிங்களே அக்டோபர்ல நடிக்கற கபுகி, இதெல்லாம் நான் பார்க்கல, வருத்தமும் இல்ல. திரும்பற ஃபெர்ரி நேரத்த காலைலயே ஃபோட்டோ எடுத்துக்கோங்க, கைல ரொக்கம் வெச்சுக்கோங்க, சின்னக் கடைல கார்டு நம்பாதீங்க.

புளியோதரை பேஸ்ட் எடுத்துட்டு போகணுமான்னு கேட்டிருந்தீங்க. எடுத்துட்டுப் போங்க, வெக்கப்பட ஒண்ணும் இல்ல. தகாமட்சு திரும்பறப்ப நிறைய கடை மூடியிருக்கும், கன்வீனியன்ஸ் ஸ்டோர்ல பாக்கெட் சாதம் விக்கும், சூடு பண்ணித் தருவாங்க, ரூம்ல பிசைஞ்சுக்கலாம். பச்சைக் கறிவேப்பிலை மட்டும் பெட்டில போடாதீங்க, ஏர்போர்ட்ல பிடுங்கிடுவாங்க.