எம்.ஆர்.வி.யில் இடது பக்கம் தெரியலைன்னா ரத்தக்கட்டுதானா?

தண்டையார்பேட்டை சகோதரருக்கு,

பிரசவமாகி 12 நாள் ஆன தங்கச்சிக்கு விடாத தலைவலி, எம்.ஆர்.வி. (மூளையின் சிரைகளைக் காட்டுற எம்.ஆர்.ஐ. ஸ்கேன்) ரிப்போர்ட்டில் 'இடது டிரான்ஸ்வெர்ஸ் சைனஸ் தெரியவில்லை. கட்டா, பிறவியிலேயே சிறுத்ததா?'ன்னு கேள்விக்குறி போட்டிருக்காங்கன்னு எழுதியிருக்கீங்க. (இது சளி பிடிக்கிற சைனஸ் இல்ல, மூளையிலிருந்து ரத்தம் வடியுற பெரிய சிரை.)

கான்ட்ராஸ்ட் மருந்து (குழாயைப் பளிச்சுன்னு காட்டுறது) ஏத்தாம எடுக்கிற எம்.ஆர்.வி. பெரும்பாலும் ரத்த ஓட்டத்தைத்தான் காட்டும், குழாயை இல்ல. ஓட்டம் மெதுவானாலும், குழாய் ஒல்லியா இருந்தாலும், கட்டு அடைச்சாலும் படத்துல ஒரே மாதிரி காலியாத்தான் தெரியும். இடது பக்கம் சிறுத்திருக்கிறது நிறைய பேருக்கு இயல்பு.

பிரிச்சுப் பார்க்க வழி இருக்கு. கான்ட்ராஸ்ட் ஏத்தி எம்.ஆர்.வி. அல்லது சி.டி. வீனோகிராம் (சிரைகளைக் காட்டுற சி.டி. ஸ்கேன்) எடுத்தா, கட்டுன்னா குழாய் நல்ல அகலத்துல இருக்கும், சுவர் பளிச்சுன்னு, நடுவுல மட்டும் நிரம்பாம தெரியும். பிறவிச் சிறுப்புன்னா குழாயே நூலா இருக்கும். எனக்குப் பிடிச்ச சாட்சி எலும்புதான்: சி.டி.யில அந்தப் பக்க ஜுகுலர் துளையும் (மூளை ரத்தம் கழுத்துச் சிரைக்கு இறங்குற மண்டையோட்டு ஓட்டை) சின்னதா இருந்தா, பிறவின்னு நம்பலாம். எஸ்.டபிள்யூ.ஐ.ங்கிற எம்.ஆர்.ஐ. வகைப் படத்துல கட்டு பெரும்பாலும் கருப்பா ஊதித் தெரியும்.

ஆனா பிரசவத்துக்கு அப்புறம் 6 வாரம் கட்டு வர வாய்ப்பு அதிகம். அதனால காத்திருக்காதீங்க. ரிப்போர்ட் மட்டும் போதாது, ஸ்கேன் படங்கள் இருக்கிற குறுந்தகடையும் எடுத்துக்கிட்டு இன்னைக்கே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போங்க, கண்ணின் பின்பக்க வீக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்க. வலிப்பு, பார்வை மங்கல், கை கால் இழுப்பு வந்தா உடனே 108. கான்ட்ராஸ்ட் ஏத்தினா தாய்ப்பாலை நிறுத்தணும்னு பொதுவா அவசியமில்ல.