அப்பாவின் இரத்தம் அமிலமாகிவிட்டதா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது, பத்து வருடமாகச் சலரோகம். கார நீர் இயந்திரம் விற்க வந்த ஒருவர் அப்பாவின் சலத்தில் ஒரு தாளைத் தோய்த்து, அது மஞ்சளாக மாறியதைக் காட்டி, இரத்தம் அமிலமாகிவிட்டது என்றார். தேசிக்காய், பழப்புளி இரண்டும் கூடாதாம். இயந்திரம் வரும்வரை தினமும் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா கரைத்துக் குடிக்கட்டுமாம். கேட்கலாமா? (வாசகி, சுன்னாகம்)

பதில்: இயந்திரம் வேண்டாம். அப்பச்சோடா வேண்டவே வேண்டாம். தேசிக்காய் பாவம், அதன்மேல் பழி போடாதீர்கள்.

உங்கள் வீட்டுக் கேத்திலின் அடியைப் பாருங்கள். சுண்ணக்கல்லில் வெட்டிய கிணற்றுத் தண்ணீர் என்பதால் வெள்ளையாகச் செதில் படிந்திருக்கும். அதில் அரைத் தேசிக்காய் பிழிந்தால் சிறு சிறு குமிழிகள் எழும். வந்த அமிலத்தைச் செதிலிலுள்ள காபனேற்று பிடித்து, தண்ணீரும் காபனீரொட்சைட்டுமாக மாற்றிவிட்டது. குமிழி அந்த வாயுதான்.

இரத்தத்தில் இதே வேலையை இருகாபனேற்று செய்கிறது. பள்ளியில் தாங்கற் கரைசல் என்று படித்திருப்பீர்கள். ஒரு லீற்றர் இரத்தத் திரவத்தில் அது 22 முதல் 26 மில்லிமோல் வரை இருக்கும். கூடவே ஈமோகுளோபினும் மற்றப் புரதங்களும், கலங்களுக்குள் பொசுபேற்றும் அமிலத்தைத் தாங்கும். ஆனாலும் இருகாபனேற்றுக்குத்தான் ஒரு தனி வசதி: உண்டாகும் வாயுவை நுரையீரல் உடனே வெளியே விட்டுவிடும். அமிலம் கூடினால் மூச்சு தானாகவே ஆழமாகும், இது நிமிடக் கணக்கில் நடக்கும். செலவான இருகாபனேற்றைச் சிறுநீரகம் திரும்பச் செய்து கொடுக்கும், அதற்கு மணித்தியாலங்கள், நாட்கள் ஆகும். இந்த ஏற்பாட்டால்தான் இரத்தத்தின் பீஎச் (அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் எண், 7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 7.35க்கும் 7.45க்கும் இடையிலேயே நிற்கிறது.

இப்போது அந்தத் தாளுக்கு வருவோம். சலத்தின் பீஎச் 4.5 முதல் 8 வரை எங்கும் இருக்கலாம். உடலில் மிஞ்சும் அமிலத்தைச் சிறுநீரகம் அதில்தான் கொட்டுகிறது. குப்பைக் கூடையைப் பார்த்துவிட்டு வீடு அசுத்தம் என்று சொன்னால் எப்படி? இரத்தத்தின் அமில நிலையை இரத்தத்தில்தான் பார்க்க வேண்டும்.

கார நீர் முதலில் போய் விழும் இடம் வயிறு. வயிற்று அமிலத்தின் பீஎச் 2 என்று வைத்தால், கார நீரின் பீஎச் 9 என்ற எண் காட்டும் காரம், ஒரு லீற்றர் குடித்தாலும், அந்த அமிலத்தில் ஒரேயொரு மில்லிலீற்றரைத்தான் சமப்படுத்தும். இதற்கா இவ்வளவு காசு? தேசிக்காயின் சித்திரிக் அமிலத்தையோ உடல் எரித்துத் தண்ணீரும் காபனீரொட்சைட்டுமாக ஆக்கிவிடும், இரத்தம் புளிக்காது. நெஞ்செரிவு இருந்தால் மட்டும் புளியைக் குறைக்கட்டும், அது வேறு கதை.

அப்பச்சோடாவும் இருகாபனேற்றுத்தானே என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். ஆனால் ஒரு தேக்கரண்டியில் சுமார் 1.2 கிராம் சோடியமும் சேர்ந்து வருகிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு முழு நாளுக்கே 2 கிராமுக்குக் குறைவாகத்தான் சொல்கிறது. பிரஷர் உள்ளவருக்கும் இதயம், சிறுநீரகம் பலவீனமானவருக்கும் அது கெடுதல். நாட்பட்ட சிறுநீரக நோயில் இருகாபனேற்று குறைந்தால் வைத்தியர்களே அதைக் குளிசையாகக் கொடுப்பதுண்டு, ஆனால் இரத்தத்தைப் பார்த்து, அளவு சொல்லி. பத்து வருடச் சலரோகம் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால், அடுத்த கிளினிக்கில் கிரியேற்றினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) சலத்தில் புரதமும் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

சலரோகக்காரரின் இரத்தம் உண்மையாகவே அமிலமாவதும் உண்டு. இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரித்துக் கீற்றோன் அமிலங்களைக் குவிக்கும்போது, தாங்கல் தீர்ந்துபோகும். அப்போது ஓடாமல் நடக்காமல் இருந்த இடத்திலேயே ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு வாங்கும், சத்தி எடுக்கும், வயிறு நோகும், வாயில் பழ வாசம் வரும், ஆள் மயங்கிப் பேசுவார். அப்படி ஏதும் கண்டால் தாளும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். இரவானாலும் நேரே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.