நழுவுவது குறியா, ஸ்கோப்பா?

கேள்வி: ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் 4×32 ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டி, குறி சரிசெய்தேன். முப்பது பெல்லட் சுடுவதற்குள் விலகிவிடுகிறது. குறி மாற்றும் திருகைத் திருகித் திருகி அலுத்துவிட்டது. ஸ்கோப் பழுதா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: திருகை விடுங்கள், ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்திருக்கும் மவுண்ட்டைப் பாருங்கள். ஸ்பிரிங் துப்பாக்கி முதலில் பின்னால் உதைக்கும். பிஸ்டன் முட்டி நின்றதும் வெடுக்கென்று முன்னால் பாயும். துப்பாக்கி பாய, ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அப்படியே மயிரிழை மயிரிழையாகப் பின்னால் நகரும். மவுண்ட்டின் பின்விளிம்பை ஒட்டி, துப்பாக்கியின் தண்டவாளத்தில் (மவுண்ட் பற்றியிருக்கும் பட்டை) பென்சிலால் ஒரு கோடு போட்டு, இருபது பெல்லட் சுடுங்கள். கோடு மவுண்ட்டுக்கு அடியில் மறைந்திருந்தால் ஆள் அகப்பட்டாயிற்று. தண்டவாளத்து எண்ணெயை ஸ்பிரிட்டால் துடைத்து, பின்னால் நழுவவிடாத தடுப்பு ஊசி உள்ள ஒற்றைத்துண்டு மவுண்ட் மாட்டுங்கள். ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் ரிங் திருகுகளைக் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கவும். ஆத்திரத்தில் இறுக்கினால் ஸ்கோப் குழாய் நசுங்கும்.

நகரவில்லையா? உப்புக்காற்றுக்குப் பயந்து குழலுக்குள் எண்ணெய் விட்டீர்களா? அந்த எண்ணெய் அழுத்தத்தில் பற்றிக்கொண்டு, புகையும் 'படார்' சத்தமுமாகப் பெல்லட்டை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு வேகத்தில் தள்ளும். துருவுக்கு வெளிப்புறம் எண்ணெய்த்துணி போதும். முன்கட்டையை மணல்பையில் அழுத்தாதீர்கள். திறந்த உள்ளங்கையில் தளர்வாக ஏந்துங்கள்.

இவ்வளவும் சரியான பிறகுதான் திருகு. ஐந்து பெல்லட் சுட்டு, துளைக் கூட்டத்தின் நடுவை அளக்கவும்; ஒற்றைத் துளையை நம்பித் திருகக் கூடாது. கால் எம்.ஓ.ஏ. (எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) ஸ்கோப்பில் ஒரு கிளிக் (திருகின் ஒரு 'டிக்' நகர்வு), 25 மீட்டரில் சுமார் 1.8 மி.மீ. கூட்டம் 36 மி.மீ. கீழே, 18 மி.மீ. இடப்பக்கம் என்றால் மேலே 20, வலமாக 10 கிளிக். 10 மீட்டரில் ஒரு கிளிக்குக்கு 0.7 மி.மீ.தான். ஐந்து கிளிக் திருப்பிவிட்டு 'அசையவே இல்லை' என்று புலம்புவது இதனால்தான். கடல்காற்று எழும் முன், காலையிலேயே முடித்துவிடுங்கள்.

கேள்வி: 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டிக்கு ஸ்கோப் உண்டா?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: கிடையாது. சர்வதேச விதிப்படி துளைக்குறி (சிறு துளை வழியே பார்க்கும் குறி) மட்டுமே. பத்துப் புள்ளி வட்டம் வெறும் 0.5 மி.மீ.; அதையும் லென்ஸ் பெரிதாக்கிக் காட்டாது.