முதுமையில் தாம்பத்தியம்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு 58 வயது. மாதவிலக்கு நின்றபின் உறவின்போது எரிச்சலும் வலியும் இருப்பதால், பேரப்பிள்ளைகளைச் சாக்கிட்டு அவர்களோடு படுத்துக்கொள்கிறேன். இந்த வயதில் இதை டாக்டரிடம் சொல்லலாமா? (கடலூர் முதுநகர்)

பதில்: தாராளமாகச் சொல்லலாம். 2007-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 65 முதல் 74 வயதினரில் 53 சதவீதத்தினர் உறவைத் தொடர்ந்திருந்தனர். ஆனால் 50 வயதுக்குப் பின் இதைப் பற்றி மருத்துவரிடம் பேசிய பெண்கள் 22 சதவீதமே. கூச்சம் எல்லா ஊருக்கும் பொதுவானது.

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் சுரப்பு குறைவதால் பிறப்புறுப்பின் உட்பரப்பு மெலிந்து வறண்டுவிடுகிறது. நீர் கலந்த வழவழப்புக் களிம்பு மருந்துக்கடையிலேயே கிடைக்கும். அதில் தீராவிட்டால், உள்ளே இடும் ஈஸ்ட்ரோஜன் களிம்பைப் பெண்கள் நல மருத்துவர் எழுதித் தருவார். மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் அதை முதலிலேயே அவரிடம் கூறிவிடுங்கள். மாதவிலக்கு முற்றிலும் நின்றபின் சிறிதளவு உதிரம் பட்டாலும் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

வலியைவிட எனக்குக் கவலை தருவது நீங்கள் படுக்கும் இடம்தான். மகனுக்குத் திருமணமானதும் அறையை இளையவர்களுக்கு விட்டுவிட்டு, தாத்தா கூடத்துக் கட்டிலுக்கும் ஆயா பேரப்பிள்ளைகளின் பாய்க்கும் போய்விடுவது நம் வீடுகளில் யாரும் கேட்காமலே நடந்துவிடுகிறது. உங்கள் விலகலுக்குக் காரணம் வலிதான் என்று தெரியாத கணவர், தம்மை வெறுத்துவிட்டதாகவே எண்ணிக்கொள்வார். அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். உறவு வேண்டாத நாளிலும் பக்கத்தில் படுத்துக் கையைப் பற்றிக்கொள்வதற்கு வயது தடையில்லை.

கேள்வி: வயது 67. சென்ற ஆண்டு மாரடைப்பு வந்தது. நண்பர் விறைப்புக்கான சில்டெனாஃபில் (வயாகரா) மாத்திரை தந்திருக்கிறார், சாப்பிடலாமா? (லாஸ்பேட்டை, புதுச்சேரி)

பதில்: வேண்டாம். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்துகளோடு அது சேர்ந்தால், இரத்த அழுத்தம் திடீரெனச் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உங்கள் மருந்துச்சீட்டுடன் இதய மருத்துவரைப் பாருங்கள். இரண்டு மாடிப் படிகளை நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இன்றி ஏற முடிந்தால், மனைவியோடு சேர்வதைப் பெரும்பாலும் இதயம் தாங்கும். விறைப்புக் குறைவுக்குச் சர்க்கரை நோயோ இரத்த அழுத்த மாத்திரையோகூடக் காரணமாகலாம் என்பதால், அதையும் கேட்டறியுங்கள்.

கேள்வி: அம்மா காலமானபின், 70 வயதில் அப்பா மறுமணம் செய்ய விரும்புகிறார். ஊர் என்ன சொல்லும்? (வில்லியனூர்)

பதில்: திருமணத்திற்குச் சட்டத்தில் உச்ச வயது வரம்பு கிடையாது. துணை தேடும் தந்தையைக் கேவலமாகப் பார்ப்பது அநியாயம். சொத்துதான் உள்ளூர உறுத்துகிறதென்றால் அதை வெளிப்படையாகவே பேசுங்கள்; வருபவரும் சட்டப்படி வாரிசு ஆவார் என்பதால், அவருக்கும் பிள்ளைகளுக்கும் உரியதை உங்கள் அப்பா வழக்கறிஞரைக் கலந்து உயிலாக எழுதிவைக்கலாம்.