வாயில் புடவை – கடிதம்

அன்புள்ள அக்கா,

உங்கள் சமீபத்திய கதையில் அத்தை ‘சரசரக்கும் வாயில் புடவையில்’ படியிறங்கி வருகிறாள். பத்தாவது படிக்கும் என் மகள் அந்த வரியிலேயே நின்றுவிட்டாள். “வாசல்ல நிக்கும்போது கட்டுற புடவையாம்மா?” என்று கேட்டாள். அகராதியைப் புரட்டினேன். வாயில் என்றால் நுழைவிடம், கதவு, அவ்வளவுதான். அம்மாவிடம் கேட்டதற்குச் சிரித்துவிட்டு பீரோவிலிருந்து இரண்டு புடவைகளை எடுத்துப் போட்டார். ஒன்று வெள்ளையில் ஊதாப் பூ, இன்னொன்று வெளிர்மஞ்சள். “இதுதான் வாயில். ஆனா இது எங்கடி சரசரக்கும்? அவங்க ஆர்கண்டியை நெனச்சு எழுதியிருக்காங்க” என்றார். அப்படியா? மல், ஜார்ஜெட், வாயில் எல்லாம் ஒன்றுதானா? இந்தப் புடவைகளை அம்மா இனிக் கட்டப்போவதில்லை. வெட்டி ஜாக்கெட் தைத்துக்கொள்ளலாமா?

ர., திண்டுக்கல்

அன்புள்ள ர.,

முதலில் அம்மாவுக்கு ஒரு கும்பிடு. அவர் சொன்னதுதான் சரி. ஆர்கண்டியும் மெல்லிய பருத்தித் துணிதான். அதை அமிலத்தில் பதப்படுத்தி விறைப்பேற்றுகிறார்கள், அதனால் அது துவைத்தாலும் மொடமொடக்கும். வாயிலுக்கு அந்த வேலை கிடையாது. கஞ்சி போட்டிருந்தாள் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். ஆனால் கதையில் அத்தை பள்ளிக்கூடம் விட்டு மாலையில் வருகிறாள். காலையில் போட்ட கஞ்சி அதற்குள் தொய்ந்திருக்கும். மாட்டிக்கொண்டேன். ‘சரசரக்கும்’ என்பதை எடுத்துவிடுகிறேன்.

வாயில் என்ற மெல்லிய பருத்தித் துணியின் பெயர் ஃபிரெஞ்சுச் சொல். அவர்கள் ‘வ்வால்’ என்பார்கள். ஆங்கிலேயர் நாக்கில் ‘வாய்ல்’ ஆகி, நம் ஜவுளிக்கடைக்கு வந்தபோது வாயில் ஆயிற்று. வாயல் என்பவர்களும் உண்டு. பொருள் முகத்திரை. லத்தீனில் ‘வேலும்’ என்றால் திரைச்சீலை, கப்பல் பாய் இரண்டும். ஃபிரெஞ்சில் அதே சொல்லை ஆண்பாலில் சொன்னால் முகத்திரை, பெண்பாலில் சொன்னால் பாய்மரத்துப் பாய். முகத்தை மறைப்பதும் காற்றைப் பிடிப்பதும் ஒரே சொல்லுக்குள் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. வாயில் புடவை கட்டிக்கொண்டு மொட்டைமாடியில் நின்றவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

எல்லாம் ஒன்றா என்று கேட்டீர்கள். பார்வைக்கு எல்லாமே மெல்லிசுதான், ஆனால் நூல் வேறு. வெளிர்மஞ்சள் புடவையின் தலைப்பு ஓரத்தில் ஒரே ஒரு இழையை உருவுங்கள். இரு முனையையும் பிடித்து விறைப்பாக நீட்டிவிட்டு, கைகளை மெல்ல நெருங்க விடுங்கள். இழை தொய்யாது. நடுவில் தன்னைத்தானே பின்னிக்கொண்டு சுருளும், பழைய தொலைபேசி வயர் மாதிரி. அவ்வளவு முறுக்கு ஏறிய நூல் அது. சாதாரணமாக இரண்டு இழையைச் சேர்த்துப் புரியாக்கும்போது எதிர்ப்பக்கம் முறுக்குவார்கள், நூல் சாந்தமாகிவிடும். வாயிலுக்கு ஏற்கெனவே முறுக்கிய பக்கமே மறுபடியும் முறுக்குவார்கள். நல்ல ரகமென்றால் அந்த நூலை வாயு அடுப்பின் சுவாலைக்கு நடுவே ஓடவிட்டு, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பஞ்சு ரோமத்தையெல்லாம் பொசுக்கிவிடுவார்கள். வழுவழுவென்று உருண்டையாக, கம்பிபோல் ஆகிவிடும். இதை நெய்தால் நீளவாட்டில் ஓடும் பாவுக்கும் குறுக்கே ஓடும் ஊடைக்கும் நடுவிலுள்ள சந்துகள் பஞ்சால் அடைபடாமல் திறந்தே இருக்கும். வெளிச்சமும் காற்றும் அந்த வழியாகத்தான் வருகின்றன. புடவையை ஒற்றை மடிப்பாகச் செய்தித்தாள் மேல் விரித்துப் பாருங்கள். தலைப்புச் செய்தியைப் படித்துவிடலாம்.

மல் துணி இதற்கு நேரெதிர். முறுக்குக் குறைந்த ஒற்றை இழை, தொட்டால் பூனைக்குட்டிபோல் இருக்கும். ஜார்ஜெட்டில் முறுக்கு உண்டு. ஆனால் ஓர் இழை இடமுறுக்கு, அடுத்தது வலமுறுக்கு என்று மாற்றி மாற்றிப் போடுவதால் இரண்டும் சண்டை போட்டுத் துணி சொரசொரப்பாகிவிடும்.

நூலின் மெலிவைப் பற்றியும் ஒரு கணக்கு சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மில் வேலை பார்த்த என் சித்தப்பா கோபித்துக்கொள்வார். 840 கெஜம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுதான் நூலின் நம்பர். 100-ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில், அதாவது 453 கிராமில், 84,000 கெஜம். கிலோமீட்டரில் 76-க்கும் மேல். சென்னையில் ஒரு முனையைக் கட்டினால் காஞ்சிபுரம் போய்ச் சேரும். அப்படிப்பட்ட இழைகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து பாவிலும் ஊடையிலும் ஓடினால் அது ஃபுல் வாயில்.

ஜவுளிக்கடையில் ‘டூ பை டூ’ ஜாக்கெட் துணி கேட்கிறோமே, அந்தக் கணக்கும் இதேதான்: பாவிலும் இரட்டை இழை, ஊடையிலும் இரட்டை இழை. ரூபியா என்பது வாயிலைவிட நெருக்கமாக நெய்த அண்ணன் துணி. புடவையாக வாயிலின் பெயர் நம் ஊரில் மங்கிவிட்டாலும் பஞ்சாபில் அது தலைமேல் இருக்கிறது, சொல்லப்போனால் நிஜமாகவே. சீக்கியர்களின் தலைப்பாகைக் கடைக்குப் போனால் முதல் கேள்வியே ஃபுல் வாயிலா, ரூபியாவா என்பதுதான். மீட்டர் கணக்கில் சுற்றியும் தலை வேகாமல் இருக்க வேண்டுமல்லவா. தாவணி, துப்பட்டா, கைக்குழந்தைச் சட்டை, ஜன்னல் திரை என்று மற்ற உபயோகங்கள் உங்களுக்குத் தெரிந்ததே.

என் அத்தைக்கு வாயில் கட்டுவது பெரிய ஏற்பாடு. உள்பாவாடை புடவையின் நிறத்திலேயே இருக்க வேண்டும், விளிம்பு கணுக்காலுக்கு மேல் நின்றுவிட்டால் ஊரே பார்க்கும். ஞாயிற்றுக்கிழமை கஞ்சியும் நீலமும் போட்டுப் பிழிந்ததும், நான் ஒரு முனை, அவள் ஒரு முனை பிடித்து உதறுவோம். ஈரத்தோடு இருக்கும்போது அதன் வழியாக அவள் முகம் தெரியாது. காயக் காயக் கொடிக்கு அந்தப் பக்கம் முதலில் பொட்டு தெரியும், பிறகு மூக்குத்தி.

இப்போது வாங்க நினைத்தால் ஒரு எச்சரிக்கை. போன வருடம் ஒரு கடையில் ‘காட்டன் வாயில்’ என்று அடித்துச் சொல்லி என் தலையில் கட்டியது முழுக்கப் பாலியெஸ்டர். ஒரு மணி நேரத்தில் முதுகு நனைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து ஓர் இழையைக் கொளுத்தினேன். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாக உதிரும். இது உருகிக் கடுகுமணிபோல் இறுகிவிட்டது.

கடைசிக் கேள்வி. தயவுசெய்து ஜாக்கெட்டுக்கு வெட்டாதீர்கள். பல வருடம் ஒரே மடிப்பில் கிடந்த பருத்தி அந்த மடிப்பில்தான் முதலில் விடும், அக்குளில் இழுவிசை தாங்காது. வெயிலுக்கு எதிரே பிடித்து மடிப்புகளைப் பாருங்கள். ஊதாப் பூப்போட்டது கெட்டியாக இருந்தால் நீங்களே கட்டிக்கொள்ளுங்கள், உள்பாவாடை வெள்ளையாக இருக்கட்டும். வெளிர்மஞ்சள் நைந்திருந்தால் பாதியாக்கி ஓரம் அடித்து முன்கதவில் திரையாக மாட்டிவிடுங்கள். மகளிடம், அவள் சொன்னதும் சரிதான் என்று சொல்லிவிடலாம்.

அன்புடன்,
அக்கா